விட்டுக்கொடுக்காத ஷூ

என் வீட்டுக்காரிக்கு,

கடையைப் பூட்டிவிட்டுக் கால் டாக்டர் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மகளிடம் சொல்லாதே, பிள்ளை பெற்ற உடம்பு, பதறுவாள்.

கட்டைவிரல் ஓரத்து எலும்புப் புடைப்பு உனக்குப் பழைய கதை. "அகலமா போட்டுத் தொலைங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டாய். முதலாளி என் காலில் பார்த்தால்தானே கூர்முனை ஷூ விற்கும் என்று நான் கேட்கவில்லை.

நேற்று கடையில் ஒரு அம்மா அதே மாதிரி ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இறுக்குதே அண்ணே" என்றார்.

"போடப் போட விட்டுக்கொடுக்கும்மா."

"உங்களுக்கு விட்டுக்கொடுத்துச்சா?" என்று என் காலைக் காட்டினார். ஷூவின் ஓரத்தில் ரத்தம். எனக்கு வலியே தெரியவில்லை. சர்க்கரைக்காரன் கால், அதுதான் பயம் பிடித்துவிட்டது.

ஓடிவிடலாம் என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். கழற்றிய ஷூவுக்குள் வீங்கிய கால் மறுபடி நுழைய மாட்டேன் என்கிறது. நீ இருந்தால் கையைப் பிடித்து உட்காரவைத்திருப்பாய். உன் வேலையை இன்று வீக்கம் பார்க்கிறது.

வெறுங்காலோடு,
உன் வீட்டுக்காரன்