கடல், ஏரி, கோலம்

ஜூன் 3, செவ்வாய்

தவுக்கே இன்று கடைக்கு வரவில்லை. முதலாளி வராத நாளில்தான் ஈப்போவில் எல்லார் வீட்டிலும் குழாய் உடைகிறது. பிவிசி பைப்பும் பசையும் எடுத்துக் கொடுத்தே கை ஓய்ந்துபோனது.

மாலையில் முஹ்ஸினா வந்தாள். எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் கமருதீன் பாயின் மகள். தஞ்சோங் மாலிமில் படித்துவிட்டு இப்போது கல்யாண வீடியோ எடுக்கிறாள். கடலையும் ஏரியையும் காப்பாற்றச் சொல்லி ஒரு படவிழா நடத்தப் போகிறாளாம், எங்கள் பாலாய் ராயா மண்டபத்திலேயே. மலாய் நோட்டீசை நீட்டித் தமிழில் எழுதித் தரக் கேட்டாள். மலாய்ப் பள்ளியில் படித்த பிள்ளை. தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது. தாமானில் கோயில் திருவிழா முதல் கருமாதி வரை நோட்டீஸ் எழுதுவது நான்தானே.

மேலே பெரிதாக 'லாவுட், தாசிக், கோலம்' என்று இருந்தது. லாவுட் கடல், தாசிக் ஏரி. கோலம் எதற்கு? தீபாவளிக்குப் பேரங்காடியில் நம் கோலத்தைப் பார்த்துப் பார்த்து மலாய்க்காரர்களும் அதைக் கோலம் என்றே சொல்கிறார்கள். அலங்காரத்துக்குச் சேர்த்திருப்பாள் என்று எழுதிவிட்டேன். கீழே கடல் கதை, ஏரிக் கதை, கோலக் கதையோடு வரச் சொல்லியிருந்தது. கோலத்துக்கு என்ன கதை? 'கோலத்தோடு வாருங்கள்' என்று திருத்திக் கொடுத்தேன்.

கொடுத்தபின் ஏனோ எரிச்சல். எங்கள் வாசலில் கோலம் கிடையாது. தம்பி தர்மா போனதிலிருந்து அம்மா போடவில்லை. அம்மா போனபின் நானும் போடவில்லை. துக்கம் ஒரு வருடம்தான் என்பார்கள். சொல்வதற்கென்ன, கை வர வேண்டுமே.

ஜூன் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரர் மகேன் இன்றும் தூண்டிலோடு குட்டைக்குப் போனார். சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு. மீன் என்ன மாப்பிள்ளை பார்க்கவா வருகிறது? கேட்டதற்குச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் போகிறார், ஒரு கெளுத்திகூட வீட்டுக்கு வந்ததில்லை. அந்தத் தண்ணீர் மீனை நான் சமைக்கமாட்டேன் என்று தெரிந்த மனிதர், பிடித்துத் திரும்ப விட்டுவிடுவார் போலும்.

ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று ஆன குட்டை அது. ரப்பர் தோட்டத்தை விற்று எங்களை இந்தத் தாமானுக்கு அனுப்பிய மறு வருடம், தர்மா அங்கே மீன் பிடிக்கப் போனான். கரை மணல் சரிந்தது. பத்தொன்பது வயது. அதன்பிறகு வேலி கேட்டு அப்பா ஒவ்வோர் அலுவலகமாக அலைந்தார். அப்பாவும் போய்ச் சேர்ந்தார். வேலி வரவில்லை.

நான் வேலைக்குப் போக அந்த வழிதான் கிட்ட. சுற்றித்தான் போகிறேன், இன்றுவரை.

ஜூன் 10, செவ்வாய்

பேருந்துக்கு நேரமாகிவிட்டதே என்று குட்டை வழியாக ஓடினேன். கரையில் புதிய பலகை நிற்கிறது. மண் கொட்டி மூடிக் கடைவரிசை கட்டப்போகிறார்களாம். 'உயிரிழப்பு மீண்டும் நேராமல் தடுக்க' என்று காரணம் எழுதியிருக்கிறது.

மூடட்டும். நான் வேண்டிக்கொண்டதும் அதைத்தானே? கோயிலில் நிற்கும்போதெல்லாம் அதைத்தானே கேட்டேன்?

பிறகு ஏன் உடம்பு இப்படிப் பதறுகிறது — எங்க புள்ள செத்தப்ப எவன் வந்தீங்க? ஒரு கம்பி நட்டீங்களா? இப்ப கடை கட்டுறதுக்கு அவன் சாவு வேணுமா ஒங்களுக்கு?

கடையில் மூன்று பேருக்குத் தவறான ஆணி கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

முஹ்ஸினா வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா கொடுத்தனுப்பிய பரோட்டாவும் கையுமாக. பரோட்டா வரும்போதே எனக்குத் தெரியும், பின்னால் ஏதோ வருகிறது என்று.

விழாவில் கடைசிப் படம் அவளுடையதாம். எங்கள் குட்டையைப் பற்றி. கொக்கு, தாமரை, நீர்நாய் எல்லாம் எடுத்துவிட்டாள். மாநகர் மன்றத்திலிருந்து ஆள் வருகிறார். குட்டையை மூட அனுமதி கொடுப்பதா வேண்டாமா என்று அடுத்த மாதம் முடிவாகிறது. தாமான்காரர்கள் திரண்டு வந்து ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்தலாம் என்கிறாள். அதில் நான் தர்மாவைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

"அக்கா, அவங்க தர்மா அண்ணன் பேரச் சொல்லித்தான் மூடப் பாக்கறாங்க. நீங்க வந்து பேசுனா வேற மாதிரி இருக்கும்லா."

அவன் பேரை நீயும்தான் எடுக்கப் பார்க்கிறாய் என்று சொல்லிவிட்டேன். மூடுகிறவனுக்கும் அவன் வேண்டும், மூடாதே என்கிறவளுக்கும் அவன் வேண்டும். முகம் சுருங்கிப் போய்விட்டாள். மகேன் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்று கேட்டேன். பரோட்டா நன்றாக இருக்கிறது என்றார்.

நல்ல மனுசன். வாயில கொழுக்கட்டை.

ஜூன் 19, வியாழன்

அலமாரியில் துணியை எல்லாம் எடுத்து மறுபடி மடித்து வைத்தேன். எதற்கென்று தெரியவில்லை. ஒரு இடத்தில் இருப்பு கொள்ளவில்லை.

ஜூன் 28, சனி

கோயிலில் மாரியம்மா அக்கா பிடித்துக்கொண்டார். மாதர் குழுத் தலைவி. அவர் பேசத் தொடங்கினால் பூசாரிகூட மணியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். குழுவினர் எல்லாரும் விழாவுக்கு வருகிறார்களாம், அரிசிக்குச் சாயம் ஏற்றியாகிவிட்டதாம். நீலம் மட்டும் இரண்டு வாளி. கடல் என்றால் நீலம் வேண்டாமா என்கிறார். புள்ளிக் கோலமா, சித்திரக் கோலமா, பரிசு உண்டா என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது, முஹ்ஸினாவைக் கேளுங்கள் என்று எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

மானம் போய்விட்டது.

காலையில் முஹ்ஸினா தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, நோட்டீஸ்ல என்ன எழுதுனீங்க? நேத்துலருந்து அம்மாமாருங்க போன் பண்ணி அரிசி, சாயம்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு. அவள் எழுதியது நம் கோலம் இல்லை. மலாய்க் கோலம். குளம்!

கடல், ஏரி, குளம். சின்னப் பிள்ளைகூடச் சரியாகச் சொல்லும். மலாய் தெரியாதவளா நான்? தவுக்கேயோடும் வாடிக்கைக்காரர்களோடும் நாள் முழுவதும் மலாய்தானே பேசுகிறேன்? லோம்போங், அதாவது ஈயச் சுரங்கப் பள்ளம் என்று எழுதியிருந்தால் அந்தக் கணமே தெரிந்திருக்கும். கோலம் என்றாளே. அந்த இடத்துக்குக் குளம் என்கிற மரியாதையை நான் கொடுத்ததே இல்லை. குட்டை, சனியன் பிடித்த குட்டை, அவ்வளவுதான். குளம் என்று கண் முன்னால் எழுதியிருந்தும் எனக்குத் தெரிந்தது வாசல்தான். அம்மா போடாமல் விட்ட வாசல்.

மாரியம்மா அக்காவிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். முஹ்ஸினா வேண்டாம் என்றாள். படம் பார்க்க எப்படியும் பத்து பேர்தான் வருவார்கள், கோலம் போடவாவது கூட்டம் வரட்டும் என்கிறாள்.

மகேனிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்படியே சவரம் செய்துகொண்டு தூண்டிலோடு கிளம்பிவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

போகப் போவதில்லை. தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

ஜூலை 13, ஞாயிறு

போனேன். நோட்டீஸ் எழுதியவள் ஒளிந்துகொண்டாள் என்று மாரியம்மா அக்கா ஊரெல்லாம் சொல்லுவாரே.

மண்டபத்துக்கு வெளியே சிமெண்டுத் தரை தெரியாத அளவுக்குப் பெண்கள் குனிந்திருந்தார்கள். ஆமை, மீன், நண்டு, ஒரு கப்பல்கூட. உண்மையைச் சொல்லலாம் என்று அக்காவிடம் போனேன். அவர் என் கையில் அரிசிக் கிண்ணத்தைத் திணித்து, நோட்டீஸ் போட்டவள்தான் முதல் புள்ளி வைக்க வேண்டும் என்றார். பெண்கள் எனக்காகவே நடுவில் இடம் விட்டிருந்தார்கள். எங்கள் வாசலில் கோலம் இல்லாததற்குக் காரணம் அவருக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் கேட்டார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திட்டவில்லை அவர். அதுதான் உறுத்தியது.

கோலம் முடிந்ததும் எல்லாரும் காற்றாடிக் காற்றுக்காக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். மண்டபம் நிறைந்தது. மன்றத்து அதிகாரி இவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை போலும், சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

முதல் படம் லூமுட் மீனவர்களைப் பற்றி. வலையில் மீனை விடப் பாட்டில் அதிகம். பிறகு ஏதோ ஓர் ஏரி. நான் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், குட்டை வந்ததும் எழுந்து போய்விட வேண்டும் என்று. மகேன் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

குட்டை வந்தது. எழுந்துவிட்டேன். திரையில் கரையோரம் ஒருவர் முதுகு தெரிய உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை.

மகேன்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம மீனு புடிக்கப் போறேன்னு வீட்டுல சொல்லுவேன். இந்தத் தூண்டில்ல முள்ளே கெடையாது. எம் மச்சான் இங்கதான் போனான், கல்யாணத்துக்கு முன்னயே அவன் எனக்குக் கூட்டாளி. கொஞ்ச நேரம் அவன்கூட குந்திட்டு வருவேன். மண்ணப் போட்டு மூடிட்டா நான் எங்கலா போவேன்?"

அவ்வளவுதான் பேசினார். பிறகு கொக்கும் தாமரையும். நான் நின்றபடியே பார்த்தேன். அந்தத் தண்ணீரை முழுசாகப் பார்த்து எத்தனை காலம் ஆகிறது. பின்னால் யாரோ உட்காரச் சொன்னார்கள், உட்கார முடியவில்லை.

விளக்குப் போட்டதும் யாராவது பேசுகிறீர்களா என்று முஹ்ஸினா கேட்டாள். என்னைப் பார்க்காமல்தான் கேட்டாள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அதிகாரியிடம் மலாயில் தொடங்கினேன். அந்தப் பலகையில் இருக்கும் உயிர் என் தம்பி, அவனைக் கேட்காமல், எங்களைக் கேட்காமல் அங்கே எழுதியிருக்கிறார்கள் என்றேன். அதற்குமேல் மலாய் ஓடிப்போய்விட்டது.

"மூடாதீங்க. வேலி போடுங்க. எங்கப்பா சாவுற வரைக்கும் கேட்டது வேலிதான். மூடச் சொல்லி அவரு ஒருநாளும் கேக்கல."

சொன்னபிறகுதான் எனக்கே அது உறைத்தது. மூட வேண்டும் என்றது நான் மட்டும்தான்.

முஹ்ஸினா மலாயில் சொல்லி முடித்தாள். மாரியம்மா அக்கா எழுந்து, ஆமா, வேலிதான் என்றார். அக்கா எழுந்தால் குழுவே எழும். எழுந்தது.

வெளியே வந்தால், வந்து போனவர்கள் கால் பட்டு ஆமையின் ஓர் ஓரம் கலைந்துகிடந்தது. கிண்ணம் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. குனிந்து அந்த ஓரத்தைச் சரிசெய்தேன். விரல் மறக்கவில்லை. நடுவில் விட்ட இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, ஏன் சொல்லவில்லை என்று மகேனைக் கேட்டேன். "அந்தப் பக்கம் போனியான்னு கேட்டாலே நீ மொகத்தத் திருப்பிக்குவ. எப்படிச் சொல்றது?" என்றார். சண்டை போட வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

ஜூலை 22, செவ்வாய்

மூடுவதை மன்றம் தள்ளி வைத்திருக்கிறது. ரத்தாகவில்லை, தள்ளித்தான். இனி ஆய்வு, அறிக்கை என்று இழுப்பார்கள். பலகையில் அந்த ஒரு வரிக்கு மட்டும் வெள்ளைச் சாயம் அடித்திருக்கிறார்கள். வேலிக்கம்பி வாங்க எங்கள் கடைக்கே ஆள் வந்தார். எத்தனை சுருள் என்று இரண்டு முறை கேட்டேன். தவுக்கே என்னைப் பார்த்துவிட்டு, தானே எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நானும் கூடப் போனேன். அவர் தூண்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். கொசு பிடுங்கி எடுத்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கோலமாவு தீர்ந்துவிட்டது. வேலை முடிந்து வரும்போது இரண்டு பாக்கெட் வாங்க வேண்டும்.