எதற்கு என்று கேட்காத நாள்

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து என் ஹார்டுவேர் கடைக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரும் எதுவும் வாங்க வரவில்லை. எதிரே பார்சல் ஆபீசில் பெட்டியைப் பிரித்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு, "ராடோய், ஒரு தடவ சொருகிப் பாத்துச் சொல்லேன்" என்று வந்தவர்கள்.

இங்கே பார்சலைப் பிரித்து, ஓட்டிப் பார்த்து, பிடித்தால்தான் பணம் கட்டுவார்கள். பிடிக்காவிட்டால் மூடிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஓட்டிப் பார்க்க கரண்ட் வேண்டுமே? ஆபீசில் இருக்கிற ஒரே பிளக்கில் அங்கே வேலை பார்க்கிற ரோசித்சா காபி மெஷினை மாட்டியிருக்கிறாள். அதைப் பிடுங்க அவளுக்கு மனசு வராது. "எதுத்தாப்ல ராடோய் மாமா கடை இருக்கு, போய்ப் பாருங்க" என்று கைகாட்டி விடுகிறாள்.

ஆன்லைன்காரனின் சரக்கு, பரிசோதனை என் கடையில், என் கரண்டில். சம்பளம் மட்டும்தான் இல்லை.

செப்டம்பர் 14

விற்றது: ஒரு எலிப்பொறி.

செப்டம்பர் 23, சனி

கடையை வாடகைக்கு விட்டிருக்கிற கட்டிடக்காரர் வந்துபோனார். அடுத்த மூன்று வருஷத்துக்குக் கடை வேண்டுமா வேண்டாமா, வருஷக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் பயமாக இருக்கிறது. இங்கே ஷூ கடை போட ஆள் தயாராக இருக்கும் போல.

மனைவி டென்கா சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: "மூடிடலாங்க. மேசை நாற்காலி கம்பெனில ஸ்டோர் கீப்பர் வேல இருக்காம். மாசமானா சம்பளம் வரும்ல."

இருபத்திரண்டு வருஷக் கடை. மூடிவிட்டு இன்னொருவனுடைய சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா? பீன்ஸ் சூப்பில் உப்பு கூட என்று மட்டும் சொன்னேன். அதற்கும் அவள் கோபித்துக்கொண்டாள்.

அக்டோபர் 3, செவ்வாய்

வெலிச்கோ வந்தான். பட்டாளத்தில் ஒன்றாகக் கிடந்தவர்கள் நாங்கள். அவன் த்ரோயன் ஊருக்குப் போகிற பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டிவிட்டு இப்போது பென்ஷனில் இருக்கிறான்.

இரும்பு, கல் வெட்டுகிற கட்டிங் மெஷினைக் கேட்டான். அரை மணி நேரம் கையில் வைத்திருந்தான். எடை எப்படி, பிடி எப்படி, கார்பன் தேய்ந்தால் மாற்றலாமா, பிளேடு மூடி நகருமா... எல்லாம் கேட்டான், எல்லாம் சொன்னேன். கடைசியில் செல்போனை எடுத்து, மெஷினின் பெயரையும் விலைச் சீட்டையும் படம் பிடித்துக்கொண்டான்.

"மின்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்டா."

பெண்டாட்டியைக் கேட்டு இவன் எந்தக் காலத்தில் எதை வாங்கினான்? வேறு யாராவது படம் பிடித்திருந்தால் சிரித்திருப்பேன். இவன் பிடித்ததுதான் வலிக்கிறது.

அக்டோபர் 9, திங்கள்

எரிகிறது. எழுதிவிட்டால் அடங்குமா பார்க்கலாம்.

மத்தியானம் வெலிச்கோ எதிர்ப்பக்கத்திலிருந்து சாலையைக் கடந்து வருகிறான், கையில் புது கட்டிங் மெஷின். என் கடையில் நூற்று முப்பத்தொன்பது லெவா. அவன் வாங்கியது அறுபத்திரண்டு. பெயரே கேள்விப்படாத கம்பெனி. முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் இருந்ததா? இருந்தது. அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகச் சிரித்தான்.

"இத ஓட்டிப் பாத்துச் சொல்லுடா. நீ நல்லாருக்குன்னு சொன்னாதான் பணம் கட்டுவேன். ஒன் வார்த்ததான் எனக்கு வாரண்டி."

என் வார்த்தை வேண்டும். என் மெஷின் வேண்டாம்.

சொருகினேன். ஓட வேண்டாம் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். ஓடியது, சனியன். சத்தம் சுத்தம். ஆட்டம் இல்லை. மூடி கொஞ்சம் லேசான தகடு, அவ்வளவுதான். "நல்லாத்தான் இருக்கு" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். ஒரு மெஷினைப் பற்றி மட்டும் என்னால் பொய் சொல்ல முடியாது.

போய்ப் பணம் கட்டிவிட்டுத் திரும்பி வந்தான். எனக்கும் ஏதாவது வியாபாரம் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருப்பான். "மரம் அறுக்கப் பல்லு பிளேடு இருக்குல்ல, நூத்தி இருபத்தஞ்சு எம்எம். ஒண்ணு குடு."

எடுத்துக் கொடுத்தேன். பில் போட்டேன். "நல்லா ஓட்டு" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 10

அந்தப் பிளேடு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

எல்லோரிடமும் கேட்பேன். சுவரில் படம் மாட்ட ஆணி கேட்டால்கூட செங்கல் சுவரா, கான்கிரீட்டா என்று கேட்பேன். ஆட்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்தப் பிளேடு வட்ட ரம்ப மெஷினுக்கானது. கட்டிங் மெஷினிலும் பொருந்தித் தொலைக்கும். ஆனால் அது சுற்றுகிற வேகத்தில் பல் மரத்தைக் கவ்வினால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். வருஷத்துக்கு நாலு பேர் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யப் பார்ப்பார்கள், நாலு பேரையும் திட்டி அனுப்புவேன்.

வெலிச்கோவிடம் வட்ட ரம்ப மெஷின் இருக்கிறதா? ஒருவேளை இருக்கும்.

போன் பண்ணலாமா? பண்ணினால், "பொறாமைல சொல்றியா" என்பான். ஐம்பத்தெட்டு வயது ஆள். அவனுக்குத் தெரியாதா?

அக்டோபர் 14

கம்பெனி ஸ்டோர் கீப்பர் வேலைக்கு டென்கா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்காமல். கத்தினேன். பிறகு அவள் அழுதாள். பிறகு நான் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

அக்டோபர் 21, சனி

வெலிச்கோவிடம் வட்ட ரம்ப மெஷின் கிடையாது.

குளிர்காலத்துக்கு எரிக்க, மரச்சாமான் பட்டறையில் பலகைத் துண்டுகள் வாங்கிப் போட்டிருக்கிறான். அதை முற்றத்தில் வைத்து அந்தக் கட்டிங் மெஷினிலேயே அறுத்திருக்கிறான். வலது கை. சுண்டுவிரலும் மோதிர விரலும். மின்கா சமையலறைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரன் காரில் லோவெச் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஒட்ட வைக்க முடியவில்லையாம்.

டென்கா வந்து சொன்னபோது கடையில் பெயிண்ட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகும் அடுக்கிக்கொண்டேதான் இருந்தேன். அறிவிருக்கா எனக்கு? ஒரு வார்த்த. எதுக்குடான்னு ஒரே ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும். கோவத்துல வாய மூடிக்கிட்டேன். பன்னெண்டு நாள் இருந்துச்சே, ஒரு போன் பண்ண கை வரலியே எனக்கு.

அக்டோபர் 24

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று டென்காவிடம் சொன்னேன். என்ன வேலை?

நவம்பர் 7, செவ்வாய்

ஊருக்குள் கதை வேறு மாதிரி சுற்றுகிறது. ரொட்டிக்கடை வரிசையில் என் காதாலேயே கேட்டேன்: "ஆன்லைன்ல வாங்கின மெஷினாம். சும்மா புடிச்சிட்டு இருக்கும்போதே வெடிச்சு வெரல எடுத்துட்டுப் போயிடுச்சாம்." பக்கத்தில் இருந்தவள், "மலிவு மலிவுன்னு அலைஞ்சா இப்படித்தான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ராடோய் எத்தன தடவ சொன்னாரு, கேட்டோமா நம்ம?" என்றாள்.

நான் அப்படி எதுவும் சொன்னதே இல்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 25, சனி

இந்த வாரம் பார்சல் ஆபீசிலிருந்து ஒருவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறார்கள் என்று ரோசித்சா சொல்கிறாள். ஆனால் என் கடையில் டிரில்லிங் மெஷின் நான்கு போனது. கட்டிங் மெஷின் மூன்று. போன வருஷம் முழுக்க இரண்டுதான் போனது.

பாலத்துக்குப் பக்கத்தில் கார் பழுது பார்க்கிற ஆள் இரண்டு மெஷின் வாங்கினான். "வெலி அண்ணன் கதைக்கு அப்புறம் அந்தச் சனியனையெல்லாம் யாரு தொடுவா? காசு கூட ஆனாலும் ஒங்ககிட்டயே குடுங்க" என்றான். நான் சொல்லியிருக்க வேண்டும். மெஷின்மேல் குற்றம் இல்லை, அது நல்ல மெஷின், நானே ஓட்டிப் பார்த்தேன், கையை எடுத்தது என் கடைப் பிளேடு என்று. வாய் திறந்தது. "பை வேணுமா?" என்றுதான் வந்தது.

டிசம்பர் 3, ஞாயிறு

போனேன். ஆறு வாரம் கழித்து.

அவன் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கட்டு பிரித்துவிட்டார்கள். அந்தக் கையை மேசைமேல்தான் வைத்திருந்தான், ஒளிக்கவில்லை. மின்கா பிளம் சாராயமும் ஊறுகாயும் வைத்துவிட்டு வெளியே போனாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னேன். "அந்தப் பிளேடு எதுக்குன்னு நான் கேட்டிருக்கணும். கோவத்துல கேக்கல."

அவன் இடது கையால் அடுப்பில் ஒரு பலகைத் துண்டைப் போட்டான்.

"எனக்கும் அது தோணுச்சு" என்றான். "நீ எல்லாருகிட்டயும் கேப்பியேடா. நோண்டி நோண்டிக் கேப்ப. அன்னைக்குக் கேக்கல. சரி, இவனே ஒண்ணும் சொல்லல, அப்ப போடலாம் போலன்னு நெனச்சேன். வீட்ல மாட்டும்போது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா ராடோய் ஒண்ணும் சொல்லலியே."

நான் அழுதேன். அவன் அழவில்லை. ஊரில் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொல்லித் தொலைக்காத. முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன், கட்டிங் மெஷின்ல ரம்ப பிளேட மாட்டினான்னு ஊரே சிரிக்கும். மெஷின் வெடிச்சுதுன்னே இருக்கட்டும். ஒனக்கும் நல்லதுதான?"

கடைசி வாக்கியத்தைச் சும்மா சொன்னானா, குத்திச் சொன்னானா? அவன் முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை.

டிசம்பர் 4

அவன் சொல்ல வேண்டாம் என்றதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 29, வெள்ளி

கட்டிடக்காரரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூன்று வருஷம். டென்கா பூசணிப் பண்டம் செய்தாள். கம்பெனி வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லி அவளே போன் பண்ணினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பாடிக்கொண்டே துணி மடிப்பதைக் கேட்டேன். அவளிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14, புதன்

திராட்சைக்கொடி வெட்டும் நாள். கத்தரிக்கோல் எல்லாம் காலி. நிற்க நேரமில்லை. வெலிச்கோ வருவான் என்று ஒன்றை உள்ளே எடுத்து வைத்தேன். வரவில்லை. சாயங்காலம் அதையும் யாருக்கோ விற்றேன்.

மே 5, ஞாயிறு. ஈஸ்டர்

வெலிச்கோ என்று பெயர் வைத்தவர்களெல்லாம் கொண்டாடுகிற பெயர்நாளும் இன்றுதான். பெயர்நாளுக்கு யாரும் அழைக்க மாட்டார்கள், போய்விட வேண்டியதுதான். டென்காவும் நானும் போனோம். வீடு நிறையக் கூட்டம். வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். வேகவைத்த ஈஸ்டர் முட்டைகளை மோதி உடைக்கும் போட்டியில் இடது கையால் என் சிவப்பு முட்டையை உடைத்துவிட்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். எனக்கு நெஞ்சு லேசானது. ஆறிவிட்டது, எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

கோழிக்கூண்டுக்குப் புதுக் கதவு போட்டிருக்கிறான் என்று மின்கா முற்றத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். நல்ல வேலை. ஒன்றரைக் கையால் செய்தது என்று சொல்ல முடியாது. கீல்களைத் தடவிப் பார்த்தேன். என் கடைச் சரக்கு இல்லை.

"எங்க வாங்கினான்?" என்று கேட்டேன். ஆன்லைன் என்று சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"லோவெச்சுல" என்றாள் மின்கா. "இப்பல்லாம் எது வேணும்னாலும் பஸ் ஏறி லோவெச்சுக்குத்தான் போறாரு. ஏன்னு கேட்டா, சும்மா ஒரு சவாரின்னு சொல்றாரு."

இரண்டு கீல், ஒரு பொட்டலம் திருகாணி. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அவன் வீட்டு வாசலிலிருந்து என் கடைக்கு ஐந்து நிமிஷ நடை.

உள்ளே திரும்பிப் போனபோது எனக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்திருந்தான். ஈஸ்டர் ரொட்டியைப் பிய்த்து என் தட்டில் வைத்தான். சாப்பிட்டேன்.