திங்கிரில் விட்டுவந்த ஆள்

செப்டம்பர் 26, வெள்ளி

நோர்வே மழை, காலையிலிருந்து ஓயவில்லை. புருசெத் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் முழங்கால் வரை ஈரம். நாளை மொராக்கோ. பெட்டி இன்னும் மூடவில்லை.

வைக்க வேண்டியவை: வயிற்றோட்டக் குளிசை, இவருடைய பிரஷர் குளிசை, தொப்பிகள், மிளகாய்த்தூள் ஒரு சின்னப் போத்தல் (இவருக்குச் சொல்லக் கூடாது).

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். யாழ்ப்பாணம், தன் தமக்கை இருக்கிற லண்டன், இரண்டையும் தவிர இந்த மனிதர் ஓரிடமும் வந்ததில்லை. கிரான் கனாரியாத் தீவுக்கு எத்தனை தரம் கேட்டிருப்பேன். வெயில் ஒத்துக்கொள்ளாதாம். போன மாதம் மகள் அபி போனில் சும்மா ஒரு சுற்றுலாப் பட்டியலைக் காட்டினாள். மலை, பேரீச்சந்தோப்பு, பாலைவனம், வழிகாட்டியோடு எட்டு நாள். மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு போனவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. "இதுக்குப் போவம்." அன்றைக்கே பதிந்தும் விட்டார்.

ஏன் என்று கேட்டால், "சும்மா."

அபிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "அம்மா, ஸ்லாப் அவ், ஆறுதலா இருங்கோ. அப்பா ஒருக்கா ஓமெண்டிருக்கிறார், அதுக்கும் பதறுறீங்களோ?"

செப்டம்பர் 28, ஞாயிறு. மராகேஷ்

முப்பத்தைந்து பாகை. கால் வீக்கம். குழுவில் பத்துப் பேர், எங்களைத் தவிர எல்லாரும் ஓய்வுபெற்ற நோர்வேக்காரர்கள். வழிகாட்டி யூசுப், நாற்பது வயதிருக்கும், நல்ல சிரிப்பு. எந்த நாடு என்று கேட்டார். இவர்: "நோர்வே." அதற்கு முதல்? "நோர்வே."

யூசுப் சிரித்தார். நானும். இவர் சிரிக்கவில்லை.

தோடம்பழச் சாறு இரண்டு தரம். சந்தையில் ஒரு தோற்செருப்பு வாங்கினேன், அளவு பிழை.

செப்டம்பர் 29, திங்கள். மலைப்பாதை

எத்தனை வளைவு என்று எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டேன். கீழே பார்க்கப் பயம். மேலே சிவப்பு மண் வீடுகள், மலையிலிருந்தே முளைத்த மாதிரி.

உச்சி தாண்டியதும் நாங்கள் போன வானைப் பொலிஸ் மறித்தது. வழமையான சோதனை என்றார் யூசுப். யாரும் கேட்கவில்லை. இவர் மட்டும் பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து, படம் உள்ள பக்கத்தை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். பொலிஸ்காரர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை, போகச் சொல்லிக் கையசைத்தார். அடுத்த வளைவில் இவர் வானை நிறுத்தச் சொல்லி இறங்கி, குனிந்து சத்தி எடுத்தார். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒரு அம்மா இஞ்சி இனிப்புக் கொடுத்தார்.

எனக்குத் தெரியும், வளைவு இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய். தாதெஸ் பள்ளத்தாக்கு

மத்தியானம் விடுதியில் பாண் ரொட்டி முடிந்துவிட்டது. இவர் சமையற்காரப் பெண்மணியைத் திரும்பிப் பார்த்து "அக்ரூம்" என்றார். அதோடு இன்னும் இரண்டு மூன்று சொல். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, சூடாக நாலு பாண் கொண்டுவந்து வைத்தார். யூசுப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அரபு கூட இல்லையாம், இந்த மலைச் சனங்களின் பாஷையாம்.

"எப்ப படிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"நாளைக்குச் சொல்லுறன். உம்மட்டைச் சொல்லத்தான் வந்தனான்."

எப்படி நோர்வேக்கு வந்தீர்கள் என்று கல்யாணமான புதிதில் கேட்டபோது "சுத்தி வந்தனான்" என்றதோடு சரி. சுற்றின வழி இதுதானா? பாஷை பழகுகிற அளவுக்கு யாரோடு இருந்தார்? ஒரு பொம்பிளைதான். பிள்ளையும் இருந்தால் இப்போது இருபத்தைந்து வயது. அபியை விட மூத்தது. இப்படியே மத்தியானம் முழுக்க. ஆற்றங்கரைக்கு எல்லாரும் நடந்து போனார்கள், நான் தலையிடி என்று அறையில்.

அக்டோபர் 1, புதன். திங்கிர்

ஒழுங்காக எழுத வேண்டும்.

மலைக்கு நடுவே பச்சை ஆறு ஓடுகிற மாதிரிப் பேரீச்சந்தோப்பு. வாய்க்கால், மாதுளை, குதிரைமசால் பாத்திகள். மற்றவர்கள் யூசுப்போடு முன்னே. நாங்கள் பின்னே.

"இஞ்சை எட்டு மாதம் இருந்தனான்," என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட ஆறு பேராம். மாலியிலிருந்து லொறியில் பாலைவனம் தாண்டி வந்து, இங்கே ஒரு வீட்டில் இறக்கிவிட்டு, கள்ளமாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் மறைந்துவிட்டான். நாலு பேரை வேறொருவன் கூட்டிப் போனான். மிஞ்சியது இவரும் குகன் என்று ஒருவரும். பக்கத்துப் பேக்கரியில் போறணை அடுப்புக்கு விறகு தூக்கினால் இரண்டு நேரச் சாப்பாடு. பிறகு குகனுக்குக் காய்ச்சல், எழும்ப முடியாத காய்ச்சல். ஒருநாள் விடிய அதே ஏஜென்சிக்காரன் வாசலில் திரும்ப வந்து நின்றான். வானில் ஒரு இடம்தான், இப்போதே வெளிக்கிட வேண்டும்.

"அவன் நித்திரை. நான் எழுப்பேல்லை. எழுப்பி என்னத்தைச் சொல்லுறது? செருப்பைக் கையிலை தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டனான்."

"பிறகு தேடேல்லையோ?"

"தேடினா செத்திட்டான் எண்டு வரும். அதாலை தேடேல்லை."

முதலில் எனக்கு வந்தது ஆறுதல். பொம்பிளை இல்லை, பிள்ளை இல்லை. அடுத்த நொடியே வெட்கம்.

முன்னே ஓடிப்போய் யூசுப்பிடம் சொன்னேன். இவர் தடுக்கவில்லை. வழியில் கண்ட இரண்டு பேரிடம் யூசுப் விசாரித்தார். பேக்கரி இன்னும் இருக்கிறது. பழைய முதலாளி இறந்துவிட்டார், இப்போது மகள் சஹ்ரா நடத்துகிறார். யூசுப் எங்களை அங்கே கூட்டிப் போனார். சஹ்ராவுக்கு ஐம்பது வயது, கையெல்லாம் மா. யூசுப் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, கையைத் துடைக்காமல் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் போய்விட்டார். போனவர் நீங்களா?"

இவர் தலையாட்டினார்.

"மற்றவரை என் அம்மா பராமரித்தார். ஒரு மாதம் படுக்கை. பிறகு மூன்று வருடம் எங்களோடு வேலை செய்தார். இப்போது பிரான்சில். ஒவ்வொரு பெருநாளுக்கும் அம்மாவுக்குப் போன் எடுப்பார்."

சஹ்ராவின் போனில் அவருடைய படம். மொட்டைத் தலை, தொப்பை, இரண்டு பெண்பிள்ளைகள் நடுவே. இவர் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு மாச்சாக்குகளுக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டார். அழவில்லை. மூச்சு மட்டும் பெரிதாக, தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்தவர் போல.

நம்பரை வாங்கினேன். எங்கள் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். வான் நாற்பது நிமிடம் எங்களுக்காகக் காத்து நின்றது.

அக்டோபர் 2, வியாழன். பாலைவனம்

மணல் மாலையில் செம்மஞ்சள். ஒட்டகத்திலிருந்து இறங்கும்போது விழப் பார்த்தேன். படம் நல்லாயில்லை, அபிக்கு அனுப்பவில்லை.

இவர் மணல்மேட்டில் இருந்து போனில் எழுதுவதும் அழிப்பதுமாக.

"நீங்கள் எடுக்காட்டி நான் எடுப்பன்."

"அவன் உயிரோடை இருக்கிறான். அது காணும்."

"உங்களுக்குக் காணும். அவருக்கு?"

இரவுச் சாப்பாட்டுக்கு இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையோடு நல்ல குறட்டை.

அக்டோபர் 5, ஞாயிறு. வீடு

எட்டுப் பாகை, மழை. நேற்று வந்து சேர்ந்தோம். உடுப்புத் தோய்ப்பு மூன்று தரம், மெஷினுக்குள் மணல். நாளைக்கு வேலை. பருப்பு, வெங்காயம் முடிந்துவிட்டது.

பதினொரு மணிக்குப் போன். பிரான்ஸ் நம்பர். இவர் மேசையில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார், எடுக்கவில்லை. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, சிவா நிக்கிறானோ? சஹ்ரா அண்டைக்கே சொல்லிட்டா. நாலு நாள் பாத்தன். இவன் எடுக்கமாட்டான்."

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "குகன், நான்..."

குகன் முடிக்க விடவில்லை: "டேய், அண்டைக்கு நான் முழிப்பாத்தான் கிடந்தனான். ஏஜென்சிக்காரன் கதைச்சதெல்லாம் கேட்டனான். நான் கண்ணைத் துறந்தா நீ போகமாட்டாய். அதுதான் மூடிக்கொண்டு கிடந்தனான்."

இவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருடம். பிறகு அழுதார். நான் இதுவரை கண்டதில்லை. அந்தப் பக்கத்திலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "உன்னைக் கனடா எண்டு நினைச்சு எத்தினை பேரிட்டைக் கேட்டனான் தெரியுமோ, விசரா."

போனை அவர்களிடம் விட்டுவிட்டு வெங்காயம் வாங்கக் கடைக்குப் போனேன். மழையில் குடை விரிக்க மறந்து பாதித் தூரம் நடந்திருக்கிறேன். திரும்பி வந்தபோதும் கதை முடியவில்லை. குகன் குடும்பத்தோடு நத்தாருக்கு வருகிறாராம். ஆட்டிறைச்சி தொடமாட்டார், மீன் ஒத்துவராதாம், நண்டென்றால் சாப்பிடுவாராம். டிசம்பரில் நண்டுக்கு நான் எங்கே போவது? ஸ்ட்ரோம்மனில் மீன்கடையில் கேட்டுப் பார்க்க வேண்டும்.