முள்ளெடுத்த மீன்

குருக்கள்மடம்,
2007 ஆனி மாதம்.

அன்பு மகள் இராசாத்திக்கு,

கொக்கட்டிச்சோலை ஈஸ்வரனின் கிருபையால் நானும் அம்மாவும் உன் பிள்ளை துலக்சியும் உயிரோடு, ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். குவைத்து வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று அவனையே கேட்டுக்கொள்கிறேன். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது மகள். ஆனால் போன கிழமை நீ தொலைபேசியில் துலக்சி எப்படி என்று கேட்டபோது, நல்ல சுகம் என்று நான் சொன்னது பொய். அதை நம்பித்தான் இன்னும் இரண்டு வருட வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கப் போகிறேன் என்றாய், நானும் வை என்று சொல்லிவிட்டேன். நீ கையெழுத்து வைப்பதற்கு முன் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டுமே என்றுதான் எனக்குப் பதைப்பாக இருக்கிறது.

ஊரைவிட்டு ஓடி வந்த நாங்கள் இன்னும் இந்தப் பள்ளிக்கூட அகதி முகாமில்தான் இருக்கிறோம். ஒரு வகுப்பறைக்குள் ஐந்து குடும்பம், நடுவில் சேலை கட்டி மறைத்திருக்கிறோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீடு நிற்கிறதா இல்லையா என்று தெரியாது, தோணியை எரித்துவிட்டதாக ஒரு கதை. அது போனால் போகட்டும். அம்மாவுக்கு முழங்கால் வலிதான், வாய்க்கு ஒரு குறையும் இல்லை, தண்ணீர் வரிசையில் நாளுக்கு ஒரு சண்டை பிடிக்கிறாள். இதை உனக்கு எழுத வேண்டாம் என்றும் அவள்தான் மறித்தாள். "அவள் அங்க தனியக் கிடக்கிறாள், இதச் சொல்லி அவளயும் ஏன் அழ வைக்கிறீங்க, மறுகா பாத்துக்குவம்" என்றாள். பிறகு பிறகு என்று எத்தனை மறுகா பார்ப்பது? ஒளித்து வைக்க என்னால் முடியவில்லை.

தைப்பொங்கல் கழித்து என் வயிற்றெரிவுக்காக டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனதை உனக்கு எழுதியிருந்தேன். அங்கே அழகரத்தினம் டொக்டர் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இரைப்பைக்குள் ஒரு கிருமி குடியிருக்கிறது, அதுதான் புண்ணுக்குக் காரணம் என்றார். நான் மிளகாய் உறைப்பைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். துலக்சியும் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், முகம் வெளிறிக் கிடக்கிறது என்று சொன்னேன். அவளையும் சோதித்தார்கள், அவளுக்கும் இருந்தது. இது வாயிலிருந்து வாய்க்குப் போகிற கிருமி, யார் பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டித் தீத்துகிறது என்று கேட்டார். நான்தான் என்றேன். நம் வீட்டில் மீன் தீத்துகிற விதம் உனக்குத் தெரியும்தானே. மீனை என் வாயில் போட்டு, நாக்கால் முள்ளைத் தடவி எடுத்துவிட்டு, சதையைப் பிள்ளையின் வாயில் வைப்பேன். என் அப்பா எனக்குச் செய்தார், நான் உனக்குச் செய்தேன். பிள்ளையின் தொண்டையில் ஒரு முள்ளும் போகக்கூடாது என்ற ஒரே பயம்தான், வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்தக் கிருமி இரைப்பையின் அமிலப் புளிப்பை மாற்றிவிடுமாம். உள்ளே வருகிற கெட்ட கிருமிகளைக் கொல்வதே அந்தப் புளிப்புத்தானாம். அது குறைந்தால், குடலில் நமக்கு நல்லது செய்துகொண்டிருக்கிற நுண்ணுயிர்களின் கூட்டமும் குழம்பிவிடுமாம். உடம்பின் காவல்காரர்களும் இந்த ஒன்றோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டுவார்கள், விரட்டவும் மாட்டார்கள், சில இடத்தில் அதற்குப் பழகிக் கண்ணை மூடிக்கொள்வார்களாம். மருந்தும் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் கொல்லும், ஆகவே தயிர் கொடுங்கள், ஆனால் தயிரை நம்பி மருந்தை மட்டும் இடையில் விடாதீர்கள் என்றார். துலக்சி வயிற்றோட்டத்தில் வாடினாலும் முழு மருந்தையும் குடித்து முடித்தாள், கெட்டிக்காரி. முகத்தில் கொஞ்சம் இரத்தமும் வந்தது. எனக்குக் கூடுதல் நாள் மருந்து, அது பாதியில் இருக்கும்போது ஷெல்லடி தொடங்கியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன், மருந்து வீட்டில் கிடந்துவிட்டது.

இங்கே வந்த பிறகு அவள் சாப்பிடவில்லை மகள். சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறாள், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறாள். கரைவலைக்காரர் ஒரு நாள் முகாமுக்குச் சூடை மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். "அம்மப்பா, முள்ளெடுத்துத் தாங்க" என்று வாயைத் திறந்தாள். கையால் எடுத்துக் கொடுத்தேன், துப்பிவிட்டாள், முன்னம் போல வேண்டும் என்று அழுதாள். எனக்குள் கிருமி இருக்கிறது என்று தெரியும். தெரிந்துகொண்டே வாயில் போட்டேன். அன்றைக்குத்தான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள். மறுநாளும் அப்படியே கொடுத்தேன், அதற்கு அடுத்த நாளும் கொடுத்தேன். முன்பு அறியாமல் செய்ததற்கு ஈஸ்வரன் மன்னிப்பான், இதற்கு என்ன சொல்வேன்? இப்போது மறுபடியும் வயிற்றைப் பிடிக்கிறாள். வேறு காரணமாகவும் இருக்கலாம், சோதிக்காமல் சொல்ல முடியாது என்று முகாமுக்கு வருகிற நேர்ஸ் சொல்கிறாள். வருகிற செவ்வாய் இரண்டு பேரும் டவுனுக்குப் போகிறோம்.

அவள் மறுபடி வயிற்றைப் பிடித்த நாளிலிருந்து நான் தனிச் சோற்றுக் கோப்பையில், கொஞ்சம் தள்ளி இருந்துதான் சாப்பிடுகிறேன். நான் கோபமாக இருக்கிறேன் என்று பிள்ளை நினைத்துவிட்டாள். நேற்று மத்தியானம் ஒரு மீனை எடுத்துத் தன் வாயில் போட்டு, கஷ்டப்பட்டு முள்ளெல்லாம் துப்பிவிட்டு, அந்தச் சதையை விரலில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அம்மப்பா, ஆ காட்டுங்க, முள்ளில்ல" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை இராசாத்தி. கையை நீட்டியபடி நெடுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.

உனக்கும் நெஞ்செரிவு என்று சொன்னாயே, அங்கே டொக்டரிடம் இந்தக் கிருமியைச் சொல்லிச் சோதிக்கக் கேள், உனக்கும் நான்தான் தீத்தினேன். கையெழுத்து விஷயத்தை இனி நீயே யோசித்து முடிவெடு. வருவதென்றால் வா, நான் குறுக்கே நிற்க மாட்டேன். கொதித்தாறிய தண்ணீர் குடி, பட்டினி கிடக்காதே. ஈஸ்வரன் உன்னைக் கைவிட மாட்டான். அம்மாவின் ஆசீர்வாதமும் துலக்சியின் முத்தமும் இதோடு வருகின்றன. அவள் உன்னிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள்: அம்மா வந்தால் மீனுக்கு முள்ளெடுத்துத் தருவாளா என்று.

இப்படிக்கு,
உன் மன்னிப்பை எதிர்பார்க்கும் அப்பா,
க. இளையதம்பி