களாப்பழத்தை எத்தனை தரம் கழுவுவது

சேரப்பணஞ்சேரி
3-6-79

என் மகள் கங்காவுக்கு அம்மா பாஞ்சாலி எழுதுவது. நான் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், கஞ்சி உள்ளே இறங்குகிறது, அதனால் சுகம் என்றே வைத்துக்கொள். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ராஜியும் அந்த மலைக்காற்றில் சளி ஜுரம் ஒன்றும் அண்டாமல் இருக்கவேண்டும் என்று செல்லியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடுதாசி வெள்ளிக்கிழமை வந்தது. தபால்கார அண்ணாதுரைதான் வழக்கம்போல் படித்துக் காட்டினார். படித்துவிட்டு, இன்னாம்மா, பதிலு எழுதிடலாமா, பேனா கையிலதான் கீது என்று உட்காரப் பார்த்தார். வேண்டாம்பா, இந்த வாட்டி நானே எழுதிக்கிறேன் என்றேன். நீயா, ரெண்டாங்கிளாசு படிச்சது இன்னுமா மறக்கல என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தார். இரண்டு நாளாக எழுதுகிறேன். இதை இன்னொருத்தர் கையால் எழுத முடியாது. தப்பும் தவறுமாக இருக்கும், சேர்த்துப் படித்துக்கொள்.

வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடா. கூரைக்குப் புது ஓலை வேய்ந்தாயிற்று. உன் அப்பா போனபிறகு ஒரு ஆளுக்கு உலை வைக்க எனக்குக் கை பழகவில்லை, தினமும் சோறு மிஞ்சிப்போகிறது, தண்ணீர் ஊற்றி ஆட்டுக்கு வைக்கிறேன். மற்றபடி வீட்டைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

நீ எழுதியிருந்ததைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை, நிற்கப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு ராஜி மலைச்சரிவில் களாப்பழம் பறித்துத் தின்றுவிட்டு உதடெல்லாம் கறையாக வந்து நின்றாளாம், நீ அவள் வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாயாம், அதுவும் போதாமல் அடித்துவிட்டாயாம், மாப்பிள்ளை வந்து உனக்கு என்ன பைத்தியமா என்று கேட்டாராம். மற்ற வீட்டுப் பிள்ளைகள் செடியிலிருந்து பறித்து அப்படியே தின்கிறார்கள், இவள் தினமும் கேட்டு அழுகிறாள், கழுவிக் கொடுத்தால் போதுமா அம்மா, எத்தனை தரம் கழுவினால் ஒன்றும் ஆகாது என்று கேட்டிருக்கிறாய். உலகத்தில் வேறு யாரை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம் கங்கா, என்னைப் போய்க் கேட்டாயே.

தை மாதம் அப்பாவின் கருமாதிக்கு நீ வந்திருந்தபோதே பார்த்தேன். படையலுக்கு வாங்கின வாழைப்பழத்தைத் தோலோடு அண்டாவில் போட்டுக் கழுவினாய், துடைத்தாய், மறுபடி எடுத்துக் கழுவினாய். நம்ம சுந்தராம்பாள், இன்னாடி கங்கா, பழத்துக்கு எண்ணெ தேச்சி தலை முழுக்காட்றியா, அப்டியே சாம்பிராணியும் போட்டுடேன் என்று சொல்ல, துக்க வீட்டில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நீ சிரிக்கவில்லை. உன் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. எதனால் என்று எனக்குத் தெரியும். நீ ஊருக்குப் போகும்போது சொல்லிவிடலாம் என்றுதான் படப்பை பஸ் வரைக்கும் கூடவே நடந்து வந்தேன். முறுக்குப் பொட்டலத்தை மட்டும் உன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

தம்பி பரசுராமன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. நீ கழுவாமல் கொடுத்த பழத்தால் அவன் சாகவில்லை. நான் கழுவிக் கொடுத்த பழத்தால் செத்தான்.

இதை எழுதிவிட்டேன், இனி மீதியையும் எழுதிவிடுகிறேன், பொறுமையாகப் படி. கோதண்டராமன் வீட்டு நிலத்தில் அந்த வருஷம்தான் முதல்முதலாகப் புது நெல் போட்டார்கள். பூச்சி விழுந்தது, மருந்து அடிக்க மெஷின் வந்தது, உன் அப்பாதான் அதை முதுகில் கட்டிக்கொண்டு வயல் முழுக்க அடித்தார். காலி டின்னை எல்லாம் நசுக்கிக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும் என்று கிராம சேவக் வந்து சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலையை அப்பா என்னிடமும் சுந்தராம்பாளிடமும் விட்டார். ஒண்ணு கூட வூட்டாண்ட வரக்கூடாது, சொல்ட்டேன் என்று விரலை ஆட்டிச் சொன்னார். ஆனால் களை எடுக்க வருகிற பெண்கள் காலி டின்னை விட்டுவிட்டா போவோம், பளபளவென்று புதுத் தகரம், ஆளுக்கு ஒன்றை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டோம். நம் வீட்டில் ஒரு சொம்பும் மண்சட்டிகளும் தவிர என்ன இருந்தது, உனக்கே தெரியும். அப்பா கண்ணில் படாமல் வைக்கோல் போருக்குப் பின்னால் வைத்து, அவர் இல்லாத நேரத்தில் மேல்பக்கத்தை அரிவாள் முனையால் வெட்டி எடுத்தேன், கையைக் கிழிக்காமல் இருக்க விளிம்பைக் குழவிக்கல்லால் தட்டி மடித்தேன். சாம்பல் போட்டு ஒரு தரம், புளி போட்டு இரண்டு தரம் தேய்த்தேன். முகர்ந்து பார்த்தேன், புளி வாசனைதான் வந்தது. அடியில் தகரத்தை மடித்திருக்கிற இடுக்கில் என்ன தங்கியிருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அன்றைக்கு நீ ஆட்டை ஓட்டிக்கொண்டு மடி நிறையக் களாப்பழத்தோடு வந்தாய். பரசு வாசலிலேயே ஓடிவந்து உன் மடியிலிருந்து நாலைந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அந்த நாலைந்தைத்தானே நீ இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ மீதியை முறத்தில் கொட்டிவிட்டு, ஆட்டைக் கட்டிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போய்விட்டாய். அவன் இன்னும் வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றான், உதட்டில் பழத்துப் பால் பிசுபிசு என்று ஒட்டியிருந்தது. களாப்பழத்துப் பால் தொண்டையைக் கட்டும், உப்புத் தண்ணீரில் கொஞ்சநேரம் ஊறப் போட்டால் போய்விடும் என்று நாம் எல்லாரும் செய்கிறதுதானே. பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்து அந்தப் புது டின்னில் தண்ணீர் ஊற்றி, கல்லுப்பு போட்டு, பழத்தைக் கொட்டினேன். நான் கீரை ஆய்ந்து முடிக்கிற வரைக்கும் ஊறியது. அவன் டின்னைப் பிடித்துக்கொண்டு, ஆச்சாம்மா, ஆச்சாம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் தின்றுவிட்டு அந்தத் தண்ணீரையும் இரண்டு வாய் குடித்தான். ஊறுகா மாரி கீதும்மா என்றான். நான் சிரித்தேன்.

நீ இரண்டாம் நடை தண்ணீர் கொண்டுவருவதற்குள் அவன் வாயில் நுரை தள்ளிச் சுருண்டு விழுந்துவிட்டான். அப்பா வயலிலிருந்து ஓடிவந்தது, வண்டி கட்டிக்கொண்டு படப்பை போனது, அங்கிருந்து லாரியில் ஆஸ்பத்திரிக்குப் போனது எல்லாம் உனக்கே ஞாபகம் இருக்கும், நீயும் கூட வந்தாய். வண்டியில் அவன் என் மடியில் வாந்தி எடுத்தபோதே எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. மருந்து அடிக்கிற நாளில் உன் அப்பா சட்டையில் வருமே, அதே வாசனை. டாக்டர் அவன் கண்ணைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வயலுக்கு அடிக்கிற மருந்து ஏதாவது உள்ளே போயிருக்கிறதா, வீட்டில் அந்த மாதிரி ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் கேட்டார். உன் அப்பா என் பக்கத்தில் நின்றார். டின்னைக் கொண்டுவராதே என்று சொன்ன மனுஷன். நான், அதெல்லாம் இல்லீங்க, காட்டுப் பழம் தின்னான், எம்பொண்ணு கழுவாம குடுத்துட்டா என்றேன். நீ சுவரோரம் நின்றுகொண்டிருந்தாய். அப்பா திரும்பி உன்னை ஓங்கி அறைந்தார். நான் தடுக்கவில்லை. பொழுது சாய்வதற்குள் பரசு போய்விட்டான். மருந்துதான் என்று நான் சொல்லியிருந்தால் அதற்கு மாற்று ஊசி போட்டிருப்பார்களோ என்னவோ. போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அதை ஒருத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இத்தனை வருஷத்தில் எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

பால் தெளித்த மறுநாள் அந்த டின்னை எருக்குழிக்கு அப்பால் ஆழமாகப் புதைத்தேன். சுந்தராம்பாளிடம் போய் அவளுடையதையும் கேட்டேன். அவள் அதில் கிருஷ்ணாயில் ஊற்றி வைத்திருந்தாள். இன்னாடி, ஒரு டின்னு பத்தலியா, டின்னு கடை வெக்கப்போறியா என்றாள், ஆனாலும் பிள்ளை செத்தவள் கேட்கிறாளே என்று கொட்டிவிட்டுக் கொடுத்தாள். அதையும் புதைத்தேன். எல்லாம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை, அது உனக்குத் தெரியவேண்டும் என்றுதான் டின்னைப் புதைத்ததையும் எழுதுகிறேன். பழத்தைக் கொடுத்தது தெரியாமல். மற்றதெல்லாம் தெரிந்துதான். பாம்பு நக்கின பழம், அதைக் கழுவக் கூடாதா இந்தப் பொண்ணு என்று ஊரே உன்னைப் பேசியபோது கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ ஒருநாள் என்னிடம் வந்து, அம்மா, நானும் காட்டுல அதே பழத்தத்தான் தின்னேன், எனக்கு ஏம்மா ஒண்ணும் ஆவல என்று கேட்டாய். பதின்மூன்று வயசுப் பிள்ளை, சரியாகத்தான் கேட்டாய். எங்கே மேலே யோசித்துவிடுவாயோ என்று பயந்து, நீயெல்லாம் எதுக்குடி சாவப்போற என்று சொன்னேன். அன்றைக்குப் போன நீ அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது, கங்காவ நான் அறைஞ்சிருக்கக் கூடாது, சின்னப் பொண்ணு, தெரியாம குடுத்துட்டா, நான் மனசுல ஒண்ணும் வெச்சிக்கலன்னு எழுதிப் போடு என்றார். சரி என்றேன். உன்னை மன்னித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். அவரிடம் சொல்லும் நாள் போய்விட்டது, உன்னிடமாவது சொல்லிவிட வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பழத்தைக் கழுவத்தான் வேண்டும், மண்ணும் தூசும் ஆட்டு எச்சிலும் பட்டிருக்கும். சோறு ஆக்குகிற பாத்திரத்தில், குடிக்கிற தண்ணீரில், ஒரு தரம் கழுவினால் போதும். பால் பிடிக்கவில்லை என்றால் உப்புப் போட்டு ஊறவை, தப்பில்லை. மருந்து அடிக்கிற தோட்டத்து ஓரம் பறித்ததைத் தொடாதே. எதிலிருந்து வந்தது என்று தெரியாத டின்னையோ டப்பாவையோ வீட்டுக்குள் சேர்க்காதே, அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் சொல்லு. இவ்வளவுதான். கையை ரணமாக்கிக்கொள்ளாதே. குழந்தை வாயில் விரலை விடாதே. அவள் உதட்டில் கறை இருந்தால் இருக்கட்டும்.

இன்று காலை சுந்தராம்பாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பாவி, அதுக்கா என் டின்னயும் வாங்கினு போன என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நாளைக்குத் தெரு முழுக்கத் தெரிந்துவிடும், தெரியட்டும் என்றுதான் அவளிடம் சொன்னேன். நீ என்னைத் திட்டி எழுதினாலும் அண்ணாதுரையைத்தான் படிக்கச் சொல்வேன், அவரும் கேட்கட்டும். எழுதாமலே இருந்தாலும் உன்மேல் குறை சொல்லமாட்டேன்.

மாப்பிள்ளைக்கு இதை முழுக்கப் படித்துக் காட்டு, நீ பைத்தியம் இல்லை என்று அவர் தெரிந்துகொள்ளட்டும். நீ மஞ்சள் குங்குமத்தோடும், நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாத உடம்போடும் நூறு வருஷம் இருக்கவேண்டும். நான் சொல்லி ஆசீர்வாதம் பலிக்குமோ என்னவோ, அம்மன் பார்த்துக்கொள்ளட்டும். ராஜியின் தலையில் கை வைத்ததாக நினைத்துக்கொள். மறக்காமல் ஒன்று செய், இந்தக் கடுதாசியைக் கிழித்துப் போட்டுவிடாதே, பெட்டியில் வை. பரசு மாமா எப்படிச் செத்தார் என்று ராஜி ஒருநாள் கேட்பாள். அன்றைக்கு நீ ஒன்றும் சொல்லாதே, இதை எடுத்து அவள் கையில் கொடு.

இப்படிக்கு
உன் அம்மா
பா. பாஞ்சாலி