யோகன் இறங்கக்கூடிய பாதை

15 செப். 86, திங்கள்

காலையில் தூறல், பிறகு வெயில், பிறகும் தூறல். இந்த ஐபல் மலைநாட்டு வானம் ஒரு பேச்சில் நிற்காது.

இன்று சமையல் முறை என்னுடையது. பருப்பும் முட்டைக்கோவாவும். எதிர்க் கட்டில் யோகன் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கோப்பையைத் தள்ளினான்.

ஸ்டுட்கார்டில் இருக்கும் அவன் மச்சான் எங்கள் அகதி விடுதிக்கு, இந்த ஹைமுக்கு, போன் எடுத்து, யாழ்ப்பாணத்தில் அவன் தாய் செத்துப்போன சேதியைச் சொன்ன நாளிலிருந்து இப்படித்தான். அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. தாய்க்குக் கடைசிப் பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன். வைத்தது பெரியப்பன் மகன். முப்பத்தோராம் நாள் இந்த வெள்ளிக்கிழமை. தண்ணீரில் பிண்டம் விடும் அந்தியேட்டியாவது தன் கையால் செய்ய வேண்டுமாம். அது ஒன்றுதான் வாய் திறந்து கேட்டது. ஊரென்றால் கீரிமலைக் கடற்கரை. இங்கே?

மேலே ஒரு வட்டக் குளம். பக்கத்தில் சின்னத் தேவாலயம், சேமக்காலை.

"டேய் யோகன், குளமும் கிடக்கு, கோயிலும் கிடக்கு, சுடலையும் கிடக்கு. கீரிமலையிலயும் இவ்வளவு வசதி இல்லையடா."

"ஓம் மணியண்ணை." அவ்வளவுதான். சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காத ஆளை நான் இன்னும் பெரிதாகக் கண்டதில்லை.

பின்னேரம் தனியே போய்ப் பார்த்தேன். ஹில்டா அம்மா நின்றா. எங்களுக்கு உடுப்புக் கொண்டுவந்து தரும் கிழவி. புருசனின் கல்லறைப் பூவுக்குத் தண்ணீர் ஊற்ற வந்தவ. ஒருகாலத்தில் நெருப்புக் கக்கிய மலையின் வாயாம் அந்தக் குளம். ஒரு பூவைப் போட்டேன். காற்று அதை என் சப்பாத்தடிக்கே கொண்டுவந்தது. திரும்பப் போட்டேன், திரும்ப வந்தது. ஹி. அம்மா கையால் காட்டினா: ஆறு உள்ளே வருவதுமில்லை, வெளியே போவதுமில்லை.

எங்கள் ஹைமுக்கு ஏற்ற குளம். தாயை இதற்குள் விட ஏலாது. ஓடிக் கடலுக்குப் போகும் தண்ணீர் வேண்டும்.

16, செவ்வாய்

வெயில். முழங்கால் நோ.

பக்கத்தில் ஓடும் லீசர் ஆறு கடலுக்குப் போகுமாம். மோசல், பிறகு ரைன், பிறகு கடல். ஆனால் அது ஓடுவது கிடங்குக்குள். இரண்டு பக்கமும் கறுத்த பாறை, நெருப்புக் குழம்பு இறுகியது. பாதைக்குக் குறைவில்லை, மரம் மரமாக நிறம் பூசி அடையாளம் வைத்திருக்கிறார்கள். இந்தச் சனம் நடப்பதற்கென்றே நடக்கிறது. எந்தப் பாதை லேசு என்பதுதான் கேள்வி. யோகனுக்கு ஷெல் துண்டு பட்ட கால் மடியாது.

ஒரு யோசனை. என் காலையும் மடிக்காமல் நடந்து பார்த்தேன்.

சிவப்பு அடையாளம்: வேர். முகம் குப்புற விழுந்தேன்.
நீலம்: நல்லாய்ப் போய், கடைசியில் ஏணி. ஏணி!

ஏணியடியில் ஒரு வெள்ளைக்காரப் புருசனும் பெண்சாதியும் நொண்டியைப் பார்த்து இரக்கப்பட்டு அப்பிள்பழம் தந்தார்கள். தின்றுகொண்டே நேராக நடந்துவிட்டேன், மறந்துபோய். பெண்சாதி சிலுவை போட்டுக்கொண்டா.

வந்து யோகனுக்குச் சொல்ல நினைத்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

17, புதன்

மப்பு வானம்.

ஹி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நான் நொண்டுவது ஏன் என்று கேட்டா. "யோகன், யோகன்" என்று என் காலைத் தட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தா.

அவ காட்டியது மஞ்சள் அடையாளம். பிள்ளை வண்டி தள்ளலாம், அவ்வளவு சமன். முடிவில் ஆறு அகன்று, கூழாங்கல்லுக் கரை. கீரிமலை தோற்றது. துள்ளிக்கொண்டு ஓடினேன்.

கிழவி என் சட்டையைப் பிடித்து இழுத்தா. பாதையோரம் பாசி பிடித்த கல். அதுதான் எல்லை. அந்தக் கரை அடுத்த மாவட்டம். எங்களுக்கு எங்கள் மாவட்டம் தாண்டக் கடதாசி வேண்டும். போன மாதம் ஒரு பெடியன் மாட்டுப்பட்டு, அவன் அகதி வழக்கே பழுதாய்ப் போச்சு.

கடதாசி தரும் கந்தோருக்கு ஓடினேன். தாய், செத்தது, ஆறு, எல்லாம் கையால் சொன்னேன். அங்கிருந்த பெட்டை நல்ல பிள்ளை, முகம் வாடியது. ஆனால் கடதாசிக்கு வரச் சொல்லும் நாள், டெர்மின், அடுத்த கிழமைதான். செத்த சனத்துக்கு முப்பத்தொன்றைத் தள்ளிவைக்க ஏலுமே?

திரும்பப் போய்த் தேடினேன். கல்லுக்கு இந்தப் பக்கம், பற்றைக்குள், பழைய கற்படிகள் ஆற்றுக்கு இறங்குகின்றன. இடப்பக்கம் உடைந்திருக்கிறது. நொண்டி நொண்டி இறங்கினேன். சரிவந்தது. ஏறினேன். அதுவும் சரி.

18, வியாழன்

குளிர்.

ஐயர் இல்லை. ஸ்டுட்கார்ட் மச்சான் போனில் சொன்னதுதான் செய்முறை. வேண்டியவை: அரிசி உண்டு. தர்ப்பைக்குப் புல். வாழையிலைக்கு ஹி. அம்மா வீட்டுத் தோட்டத்து றுபாப், அகன்ற இலை. எள்ளு? கடையில் இல்லை. வெதுப்பகத்தில் எள்ளுத் தூவிய பாண் ரொட்டி இருந்தது. வாங்கிவந்து கரண்டியால் சுரண்டினேன். வெள்ளை எள்ளு, பொரிந்தது. கறுப்பு எள்ளுக்கு எங்கே போக?

யோகன் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு வந்து பக்கத்தில் குந்தி அவனும் சுரண்டினான். மொட்டைப் பாணை இருவரும் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றோம்.

அவன் மீசையை மழித்தேன். "மாப்பிள்ளை கணக்கா இருக்கிறாயடா." அவன் தாடை ஆடியது, வெட்டிவிடுமென்று பிளேட்டை எடுத்துவிட்டேன்.

19, வெள்ளி

வெயில். பாதையெல்லாம் இலை கொட்டிக் கிடந்தது.

ஹி. அம்மாவோடு மூன்று பேரும் போனோம். மஞ்சள் பாதையில் யோகன் நல்லாய் நடந்தான். படியில் நின்றுவிட்டான். இறங்க ஏலவில்லை. எனக்கு விளங்கவில்லை, நான் நொண்டி இறங்கிப் பார்த்த படி. முன்னால் இறங்கித் தோளைக் கொடுத்தேன்.

முழுகினான். பிண்டம் வைத்தான். மந்திரம் தெரியாது. "அம்மா, தண்ணி குளிருதம்மா" என்றான். அவ்வளவுதான். ஹி. அம்மா படியில் தலை குனிந்து நின்றா.

பிண்டத்தை இலையோடு ஆற்றில் விட்டோம். எல்லைக் கல்லுக்கு நேரே ஒரு பாறையில் தட்டி நின்றது. சுழன்றது. பிறகு போய்விட்டது, அந்தப் பக்கம்.

கறுத்த பாறையில் ஈரத்தோடு குந்தியிருந்தவன் என்னைப் பார்த்தான்.

"மணியண்ணை, காட்டுக்குள்ள நொண்டி நொண்டித் திரிஞ்சனீங்களாம். ஹில்டா அம்மா நடந்து காட்டினவ."

"ஓமடா, உனக்குப் பாதை பாக்கத்தான்."

"எந்தக் காலால?"

"வலது காலால."

"எனக்கு இடதெல்லோ."

ஒரு வருசமாக எதிர்க் கட்டிலில் அவனைப் பார்க்கிறேன். எதிரே பார்த்தால் இடம் வலமாகும் என்று எனக்கு ஓடவில்லை. உடைந்த பக்கத்தில் என் நல்ல கால் இறங்கியது, அவனுக்கு நோகிற கால்.

"ஒரு நொண்டியக்கூட ஒழுங்கா நடிக்கத் தெரியேல்லை, பகிடி மட்டும் விடுங்கோ."

சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியாது. கிழவி தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினா. வெயில் கிடங்கை விட்டு ஏறும்வரை அழுதான். நானும்.

20, சனி

மழை.

சமையல் முறை யோகனுடையது. கத்தரிக்காய்க் கறி. உப்புப் போட மறந்துவிட்டான்.

இரண்டாந்தரமும் வாங்கித் தின்றேன்.