பொத்தானை நீயே வந்து அமுக்கு

ஹில்க்கா,

இந்தக் காலத்து ஆட்களுக்கு அடுத்தவன் வண்டியைத் தொடக் கூச்சமே இல்லை. பக்கத்து வீட்டு ரெய்யோ காலையில் கேட்காமலே கொட்டகைக்குள் வந்தான். "பெரியவரே, ஈரக் கையுறையைக் கைப்பிடியில மாட்டி வச்சிருக்கீங்களே, அது எஞ்சினை அணைக்கிற பொத்தானை அமுக்கிக்கிட்டு இருக்கு பாருங்க" என்றான். கையுறையை எடுத்துவிட்டுக் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தான். பனிவண்டி கிளம்பிவிட்டது. நான் நாலு நாள் இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம்.

பொத்தானைப் பாருங்கள் என்று திங்கட்கிழமையே சொன்னேனே என்று ஆரம்பிக்காதே. கார்புரேட்டரைக் கழற்றி, சவுனா நீராவி அறையின் மேல்பலகையில் சூடேற்றி மாட்டினேனே, அதனால்தான் கிளம்பியது. பொத்தானாவது மண்ணாவது.

ஆனாலும் அந்த வண்டியை நம்பி ஏரி நடுவே போக மாட்டேன். பனிக்கட்டிக்கு அடியில் போட்ட வலையை இன்றே எடுக்காவிட்டால் மீன் வீணாகிவிடும். காலில் பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு போகிறேன்.

சூப்புப் பானையில் இருப்பது வண்டியிலிருந்து வடித்த பெட்ரோல். அடுப்பில் வைத்துவிடாதே.

உர்ஹோ

வண்டி கொட்டகை வாசலில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று நான் தொடவில்லை. நீயே வந்து உன் பொத்தானை அமுக்கிப் பார். நின்றாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.